இளங்குதிரையைப் பழக்குதல்: ஹால்டர் முதல் முதற்சவாரி வரை

மாட்டை மூக்கணாங்கயிற்றால் நடத்திய பழக்கம், கரும்புத் தோட்டங்களை விட்டு நான்கைந்து தலைமுறை கடந்த பின்னும், தென்னாப்பிரிக்கத் தமிழர் கையில் எப்படியோ மிஞ்சியிருக்கிறது. குவாசூலு-நட்டாலின் மிட்லண்ட்ஸ் மேட்டுநிலத்தில் முதன்முதலாக ஒரு குதிரைக்குட்டியை வாங்கிக் கட்டியபோது நானும் கயிற்றைப் பிடித்த மாத்திரத்தில் இழுக்கத்தான் செய்தேன். மாடு மூக்கு வலிக்கு அஞ்சிப் பின்தொடரும். பழகாத குதிரையோ தன் மேல் விழும் அழுத்தத்தை எதிர்த்தே தள்ளும். அந்த அழுத்தம் எந்த நொடியில் நீங்குகிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததையே சரியென்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே கயிற்றை எப்போது தளர்த்துவது என்பதை அறிந்தவரே குதிரையைப் பழக்க முடியும்.

இங்கே குளிர்காலமே இதற்கு ஏற்ற பருவம். கோடையில் பிற்பகல்தோறும் இடி மழை வரும். கோடையின் கடைசியிலும் அதற்கடுத்த மாதங்களிலும் பொடிக்கொசு பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரை நோயின் அச்சம் உண்டு. உறைபனி விழுந்ததும் அக்கொசு குறையும். அந்நோய்க்கான தடுப்பூசியும் ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் இரண்டு தவணையாகப் போடப்படுகிறது. ஊசிக்குப் பிறகு சில வாரங்களுக்குக் குதிரையைக் கடினமாக வேலை வாங்கக் கூடாது என்பதால், கால்நடை மருத்துவரிடம் நாளைக் கேட்டுக்கொண்டு பயிற்சியைத் திட்டமிடுவது நல்லது.

ஹால்டர் என்பது வாயில் இரும்பு இல்லாத தலைக்கட்டு. அதன் மூக்குப்பட்டை கன்ன எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே அமைய வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கின் மெல்லிய குருத்தெலும்பை அழுத்தும். குட்டியை நேர் எதிரே சென்று அணுகாமல், தோளை நோக்கிச் சாய்வாக நடந்து, முதலில் கழுத்தடியைச் சொறிந்துவிட்டு, அதன் பிறகே ஹால்டரை மாட்டுங்கள். நடக்கக் கற்பிக்கும்போது முன்னோக்கி இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று, கயிற்றில் ஒரு பலா இலையின் எடை அளவுக்கு அழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். குட்டி தலையைத் திருப்பும், உடல் நிலை தடுமாறும், முன்னங்கால் ஒன்று நகரும். அந்தக் கால் தரையைத் தொடுமுன் கயிறு தளர்ந்திருக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் குட்டி வேறு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்ளும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்ட குட்டி விரலைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

இவ்வழுத்தத்திற்கு இணங்கக் கற்ற பின்னரே அதைக் கம்பத்தில் கட்டலாம். அதுவும் இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், வளையத்தில் ஒரு சணல் கண்ணியைக் கட்டி, அதில் உருவு முடிச்சாக, குட்டியின் முதுகு உயரத்திற்குக் குறையாமல் கட்டுங்கள். திமிறினால் கழுத்துக்குக் கேடு வருமுன் சணல் அறுந்துவிடும். இதே நாட்களில் காதுகளையும் வாலின் அடியையும் கையால் தடவிப் பழக்குவது அவசியம், ஏனெனில் நம் புல்வெளிகளில் உண்ணி ஒளியும் இடங்கள் அவையே, உண்ணியால் ‘பிலியரி’ என்னும் பித்தக் காய்ச்சலும் வரும். குளம்புகளைத் தூக்கிப் பழக்கினால் லாடக்காரர் உங்களை வாழ்த்துவார்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று வயது. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்முனை ஏறத்தாழ இரண்டரை வயதில்தான் மூடுகிறது. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். பந்தயத்தில் இரண்டு வயதுக் குதிரைகள் ஓடுவதைப் பார்த்தே டர்பனில் வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வீட்டுச் சவாரிக்கு அந்த அவசரம் வேண்டியதில்லை; மூன்று வயதுக்கு மேல் ஏறினால் போதும். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டும் பயிற்சியும் இளங்கால்களை வருத்துமாதலால் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

சேணம் படிப்படியாக ஏற வேண்டும். முதலில் வெறும் துணி, பிறகு வயிற்றுப் பட்டையை மட்டும் மெல்ல இறுக்குதல், பிறகு அங்கவடி இல்லாத சேணம். இதில் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். பட்டையை ஒரே மூச்சில் இரண்டு துளை இறுக்கிய வேளையில், வேலியோரத்தில் புழு கொத்திக்கொண்டிருந்த ஹடீடா என்னும் நீள்மூக்குப் பறவை ஒன்று கூச்சலிட்டுக்கொண்டு கிளம்பியது. குட்டி சேணத்தோடு துள்ளி, அதன் அடியில் சேணம் சரிந்து தொங்க, திடலை மூன்று சுற்று சுற்றியது. அதற்குப் பட்டையைப் பற்றிய பயம் நீங்க ஆறு வாரம் பிடித்தது. ஒவ்வொரு துளைக்கும் இடையே நடத்திச் செல்லுங்கள். மூச்சு விட்டு, வயிறு தளர்ந்த பின்னரே அடுத்த துளை.

கடிவாளத்திற்கு முன் பற்களை மருத்துவரிடம் காட்டுங்கள், கடிவாள இரும்பு உரசும் இடத்தில் ஓநாய்ப் பல் எனும் சிறுபல் இருந்தால் வாய் நோகும். பின்னால் நடந்தபடி இரண்டு நீண்ட வார்களால் திருப்பவும் நிறுத்தவும் கற்பித்துவிட்டால், சவாரியில் பாதி வேலை முடிந்தது.

முதல் ஏற்றத்திற்குத் தலைக்கவசம் அணியுங்கள். பழகிய ஒருவர் குட்டியின் தலையருகே நிற்கட்டும். முதல் நாள் வயிற்றால் சேணத்தின் குறுக்கே சாய்ந்து இறங்குவதோடு சரி. சில நாள் கழித்துக் காலைச் சுழற்றி அமரும்போது பின்புறத்தில் கால் உரசாதபடி கவனியுங்கள், ஏனெனில் தன் நேர் பின்னால் இருப்பதைக் குதிரையால் காண முடியாது. பிறகு உதவியாளர் பத்து அடி நடத்தட்டும். தோள்கள் இறுகினாலோ காதுகள் பின்னுக்குத் திரும்பி நிலைகுத்தினாலோ நிறுத்தி, மூச்சு விடக் காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். பட்டையை உடனே தளர்த்தி, சேணத்தைக் கழற்றி, மறுநாள் காலை முதுகின் இருபுறமும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். குட்டி நெளிந்தால் சேணம் பொருந்தவில்லை. வளரும் குதிரையின் உருவம் சில மாதங்களிலேயே மாறுமாதலால், நெளியாவிட்டாலும் ஒவ்வொரு பருவத்திலும் சேணத்தை மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.