வாஷர் மாத்துனதுக்கு கல்வெட்டு வைக்கறது எப்படி

எங்க வீட்டு பாத்ரூம் குழாய் எட்டு மாசமா சொட்டிக்கிட்டே இருந்துச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா யாரும் சொல்லாம எந்திரிச்சுப் போயி வாஷர மாத்திட்டாரு, இத சும்மா விட முடியுமா, விழா எடுத்துட்டோம். உங்க வீட்லயும் எடுக்கணும்னா இப்படி பண்ணுங்க.

சாதனை அல்பமா இருக்கணும். வேலை கெடச்சது, பரிட்சை பாஸு இதுக்கெல்லாம் எடுத்தா அது நெஜ விழா ஆயிடும். இதுக்குப் போயி கல்லானு கேட்டா, விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கு, எடுத்தனூர் நடுகல்லுல ரெண்டு திருடனக் கடிச்ச கோவிவன்ங்கிற நாயோட பேர வெட்டி வச்சிருக்காங்கனு சொல்லுங்க. எங்கப்பா என்ன கொறஞ்சுட்டாரு.

பொன்னாடைக்கு துண்டு போதும், துவைச்ச துண்டா பாத்துக்குங்க. பேனர் வேணாம், போட்டோ சைஸ்ல சொந்தத்துக்குள்ள சண்டை வரும்.

கல்வெட்டுதான் மெயின். ஏ4 பேப்பர், லேமினேஷன், டபுள் சைடு டேப். மேல தேதி, கண்டிப்பா திருவள்ளுவர் ஆண்டுல, ஆங்கில வருஷத்தோட 31 கூட்டிக்கோங்க, 2025னா 2056. அப்புறம் தலைமை, முன்னிலை. எங்க வீட்ல தலைமை அம்மா, முன்னிலை பச்சை பக்கெட்டு, எட்டு மாசமா கீழ நின்னு சொட்டு வாங்குனது அதுதானே. அப்புறம் வாசகம். ராஜராஜன் மெய்க்கீர்த்தில, அதாவது கல்வெட்டு ஆரம்பத்துல ராஜா பெருமைய அடுக்குற பகுதில, 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி'னு வரும்ல, அந்த 'அருளி'ய புடிச்சுக்குங்க, எந்த வேலைக்கும் ஒட்டும். நாங்க எழுதுனது: 'ஸ்பேனர் தேடியருளி, கிடையாமற் கொறடு கொண்டருளி, வாஷர் மாற்றியருளிய அப்பா அவர்களின் பொற்கரங்களால் இக்குழாய் சொட்டுவது நிறுத்தப்பட்டது'. படிக்கிறவரு சிரிச்சா போச்சு, கலெக்டர் ஆபீஸ் மொகத்தோட படிக்கணும், அதனால என் தம்பிய விடல.

கடைசி வரி நெறைய பேரு மறந்துடுவாங்க. பழைய கல்வெட்டு முடிவுல தர்மத்த அழிக்கிறவனுக்கு சாபம் இருக்கும், அதையும் போடுங்க. எங்களுது 'இக்குழாயை இறுக்கித் திருகுவான் கெங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்'. விளையாட்டுக்குத்தான் எழுதுனது, ஆனா அம்மா இப்ப அந்தக் குழாய ரெண்டு விரல்லதான் மூடுறாங்க.