அப்டேட் போட்டதும் சிக்னல் காணோமா? ரீசெட்டில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

ராத்திரி படுக்கும் முன் அப்டேட்டை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்தால் புது ஐகான், புது எழுத்து என்று போன் பளபளவென்று இருக்கிறது. சிக்னல் கோடுகள் மட்டும் இல்லை. ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்கிறது. பேங்க் ஆப்பைத் திறந்தால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி வர சிக்னல் வேண்டும். கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

சரிசெய்ய ஒன்றரை நாள் ஆனது. கடைசியில் பலித்தது ஐந்து நிமிஷ வேலைதான். நடுவில் தேவையில்லாத வேலையெல்லாம் பார்த்து, சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டுகளைத் தொலைத்ததுதான் மிச்சம். எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். மெனு பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் அகப்பட்டுவிடும்.

1. போன் என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள்

‘சிக்னல் இல்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். போன் அப்படிச் சொல்வதில்லை.

‘நோ சிம்’ என்றால் போனுக்குச் சிம் இருப்பதே தெரியவில்லை. ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’, ஐபோனில் ‘எஸ்ஓஎஸ்’ என்று வந்தால், ஆன்டெனாவும் மோடமும் (டவரோடு பேசும் சிப்) வேலை செய்கின்றன, ஏதோ ஒரு டவர் கேட்கிறது, ஆனால் உங்கள் நெட்வொர்க்கில் மட்டும் போன் பதிவாகவில்லை என்று அர்த்தம். இது நல்ல செய்தி. ‘நோ சர்வீஸ்’ என்றே நின்றால் டவரே கேட்கவில்லை, அல்லது மோடம் தூங்குகிறது. கோடுகள் முழுசாக இருந்தும் கால் வரவில்லை, நெட் ஓடவில்லை என்றால் அது வேறு கதை. நேராக 6-க்குப் போய்விடுங்கள்.

2. எல்லோரும் சொல்வது

ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து அரை நிமிஷம் விட்டு ஆஃப் செய்யுங்கள். பிறகு ரீஸ்டார்ட். பிறகு போனை அணைத்து, சிம்மை எடுத்துத் துடைத்துப் போடுங்கள். இரண்டு சிம் போன் என்றால் சிம் மேனேஜரில் அந்தச் சிம்மின் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

3. சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள்

இதை நான் கடைசியில்தான் செய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். அங்கே சிக்னல் வந்தால் சிம்மும் கணக்கும் சரி, கோளாறு உங்கள் போனில். அங்கேயும் வரவில்லை என்றால் அப்டேட் மேல் பழி போடாதீர்கள், நெட்வொர்க் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எந்த ஆப்பும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லாது.

4. ஐஎம்இஐ இருக்கிறதா?

டயலரில் *#06# அடியுங்கள். 15 இலக்க எண் வரவேண்டும். அதுதான் ஐஎம்இஐ, உங்கள் போனின் அடையாள எண். அடுத்து ‘அபவுட் போன்’ போய் ‘பேஸ்பேண்ட் வெர்ஷன்’ பாருங்கள். அங்கே எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஏதாவது இருந்தால் போதும், அர்த்தம் தேட வேண்டாம்.

போனுக்குள் மோடம் தனி ஆள். அதற்கென்று தனி மென்பொருள் உண்டு (அதன் பதிப்புதான் பேஸ்பேண்ட் வெர்ஷன்), அப்டேட்டில் அதுவும் சேர்ந்தே வரும். அது ஒழுங்காக ஏறவில்லை என்றால் பேஸ்பேண்ட் ‘அன்னோன்’ என்று காட்டும், ஐஎம்இஐ வெறுமையாகவோ பூஜ்ஜியமாகவோ இருக்கும். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கீழே உள்ள எதுவும் உதவாது. ‘ஐஎம்இஐயை நாமே எழுதிவிடலாம்’ என்று வீடியோ போடுபவர்களை நம்பி இறங்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

5. நான் வழுக்கிய இடம்: நெட்வொர்க் தேர்வு

செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க், நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ். அங்கே ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எப்போதோ ஒரு பயணத்தில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தேன். திரும்பி வந்ததும் என் நெட்வொர்க்கையும் கையாலேயே தேர்ந்தெடுத்துவிட்டு அப்படியே மறந்துபோனேன். அதுவரை தொந்தரவு இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு போன் எதையோ பிடித்துக்கொண்டு அடம்பிடித்தது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் 5 அல்லது 6 இலக்கக் குறியீடு உண்டு. மேனுவலில் இருக்கும் போன் சொன்ன குறியீட்டைத் தவிர வேறெதையும் தேடாது. என் போன் வைத்திருந்த குறிப்பு அப்டேட்டில் குழம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

சுவிட்சைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். ஆட்டோமேட்டிக்கில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அங்கேதான் கைவிட்டுவிட்டு ரீசெட் பக்கம் ஓடினேன். அது தப்பு. செய்ய வேண்டியது இப்படி:

ஆட்டோமேட்டிக்கை ஆஃப் செய்யுங்கள். போன் தேட ஆரம்பிக்கும். சக்கரம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து செகண்டில் பொறுமை இழந்து பின்னால் போகாதீர்கள். ஒவ்வோர் அலைவரிசையாகத் தடவிப் பார்ப்பதால் இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகலாம். போனை மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பட்டியல் வந்ததும் உங்கள் நெட்வொர்க்கைத் தொடுங்கள். ஒரே பெயர் 2ஜி, 4ஜி, 5ஜி என்று இரண்டு மூன்று தடவை இருந்தால் 4ஜியை எடுங்கள். பதிவானதும் கோடுகள் எழும். எனக்கு முதல் தடவை ‘இப்போது இணைக்க முடியவில்லை’ என்றது. மறுபடி தொட்டேன், ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டோமேட்டிக்கை ஆன் செய்யுங்கள். இதை மறந்தால் அடுத்த பயணத்தில் என்னைப் போலத் திண்டாடுவீர்கள்.

பட்டியலைப் பார்த்தே நோயையும் சொல்லிவிடலாம். மற்ற நெட்வொர்க்குகள் தெரிகின்றன, உங்களுடையதும் தெரிகிறது, தொட்டால் மறுக்கிறது என்றால் சிம்மிலோ கணக்கிலோ சிக்கல். பட்டியல் காலியாகவே வந்தால் மோடமோ ஆன்டெனாவோ மக்கர் செய்கிறது. என்னைக் கேட்டால் இந்த மெனுதான் போனுக்குள்ளேயே இருக்கும் டாக்டர்.

6. நெட்வொர்க் வகையும் வோல்ட்டியும்

‘ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்’ என்பதில் 5ஜி, 4ஜி, 3ஜி, 2ஜி எல்லாம் சேர்ந்த ஆட்டோவே நல்லது. 5ஜி விட்டு விட்டு வந்தால் 4ஜிக்கு இறக்கிப் பாருங்கள்.

நெட் ஓடுகிறது, கால் மட்டும் வரவில்லை என்றால் வோல்ட்டி (4ஜி வழியே பேசும் வசதி) சுவிட்சைப் பாருங்கள். 4ஜியில் பேச்சும் டேட்டாவாகத்தான் போகிறது. அந்தச் சுவிட்ச் ஆஃப் ஆகிவிட்டால், கால் வரும்போது போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கப் பார்க்கும். அவற்றை மூடிவிட்ட நெட்வொர்க் என்றால் இறங்க இடமே இருக்காது.

கால் வருகிறது, நெட் இல்லை என்றால் ஏபிஎன் (டேட்டா இணைப்புக்கான அமைப்பு) பக்கம் போய் ‘ரீசெட் டு டீஃபால்ட்’ கொடுங்கள். ஐபோன்காரர்கள் வைஃபையில் இருந்தபடி ஜெனரல், அபவுட் திறந்து கொஞ்சம் காத்திருங்கள். கேரியர் செட்டிங்ஸ் அப்டேட் இருந்தால் அங்கேயே கேட்கும்.

ஒரு கருவியும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் ஒரு சோதனை மெனு திறக்கும். எல்லாப் போனிலும் திறக்காது. அதில் ‘மொபைல் ரேடியோ பவர்’ ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றவற்றில் கை வைக்காதீர்கள். சிக்னல் பலத்தைச் சொல்லும் டிபிஎம் அளவும் அங்கே தெரியும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் என்றால் சுகம், மைனஸ் 120 பக்கம் என்றால் இழுபறி. ‘சிக்னல் பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். ஆன்டெனாவை எந்த ஆப்பாலும் பெரிசாக்க முடியாது. விளம்பரம் காட்டத்தான் அவை.

7. இப்போது வேண்டுமானால் ரீசெட்

‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ உங்கள் போட்டோவையோ மெசேஜையோ தொடாது. வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத் இணைப்புகள், கையால் போட்ட ஏபிஎன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பாஸ்வேர்டை முதலில் தாளில் எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. சிக்னலும் இல்லை, வைஃபையும் இல்லை, கோளாறைத் திருத்த நிறுவனம் ஏதாவது புது பேட்ச் விட்டிருக்கிறதா என்று பார்க்கக்கூட வழியில்லாமல் ரௌட்டரைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரிக்கவரி மோடில் (போன் முழுசாகத் திறக்கும் முன் வரும் பழுதுபார்ப்பு மெனு) ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ செய்யலாம், அதுவும் உங்கள் டேட்டாவைத் தொடாது. ஆனால் அந்த மெனுவில் பெரும்பாலும் அதற்கு மேல் வரியிலேயே ‘வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்’ நிற்கும். வால்யூம் பட்டனால் நகர்த்தும்போது ஒரு வரி தப்பினால் எல்லாம் போச்சு. ஆமை வேகத்தில் அமுக்குங்கள். சில போன்களில் இந்த வரியே இருக்காது, தேடி மெனக்கெட வேண்டாம். ஃபேக்டரி ரீசெட் கடைசி. பேக்கப் இல்லாமல் அதன் பக்கமே போகாதீர்கள்.

பிற்சேர்க்கை 1: சிம்மை மாற்றிப் போட்டும் ‘நோ சிம்’ என்றே வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் போனில் ட்ரே முழுசாக உள்ளே போகவில்லை. தடித்த கவர் ட்ரேயின் விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்தது. கவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருப்பவர்களுக்கு மேலே எச்சரிக்கை எழுதாதது என் தப்பு. சில போன்களில் ரீசெட் பக்கத்திலேயே ‘டவுன்லோடு செய்த சிம்களையும் அழி’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அழித்துவிட்டால் பழைய க்யூஆர் கோடு பல நேரம் மறுபடி வேலை செய்யாது, நிறுவனத்திடம் புதிது கேட்க வேண்டியிருக்கும். 3-ஆம் படியில் சொன்ன சோதனையும் இசிம்முக்குச் செல்லாது. அவர்கள் அதை விட்டுவிட்டு 4-ஆம் படிக்குப் போகலாம்.