பல நூற்பட்டியல்களில் ஒரே தேடல்: தமிழ் நூல்களுக்கான தேடுபக்கம் அமைக்கும் முறை

பழந்தமிழ் நூலொன்றின் பதிப்புகளைத் தேடும் சென்னை ஆய்வாளர், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் என ஒவ்வொன்றிலும் அதே பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்கிறார். இந்த உழைப்பை ஒரு கல்லூரி நூலகமே தன் தேடுபக்கத்தின் வழியாகக் குறைத்துவிட முடியும்.

முதலில், எந்தத் தளம் நிரல்வழிக் கேள்விகளை ஏற்கிறது என்று பாருங்கள். ஒரு நூலகப் பட்டியலில் வேறொரு கணினி தேடுவதற்கான இஸட்39.50 (Z39.50), எஸ்ஆர்யூ (SRU) ஆகிய நெறிமுறைகளை ஏற்கும் நூலகப் பட்டியல்கள் பெரும்பாலும் மார்க் (MARC) என்னும் நூற்பட்டியல் வடிவப் பதிவுகளாக விடை தரும். இன்டர்நெட் ஆர்க்கைவ் ஜேசான் (JSON) என்னும், நிரல்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவில் தரும். இத்தகைய வசதி இல்லாத தளத்தின் பக்கங்களை அனுமதியின்றி நிரலால் அள்ளாமல், அதன் பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். கேள்விகளை எல்லாத் தளங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் சில வினாடிக் காலவரம்பு வையுங்கள்.

உண்மையான வேலை எழுத்தில்தான் இருக்கிறது. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆகவே கேள்வியையும் விடைகளையும் என்எஃப்சி (NFC) என்னும் யூனிகோடின் சீரான வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் சிலப்பதிகாரம் 'எஸ்' (S) எழுத்தில் அல்லாமல் 'சி' (C) எழுத்தில் தொடங்குவதால், பயனர் தமிழில் இடும் சொல்லை அம்முறைப்படி மாற்றி இரண்டாவது கேள்வியாகவும் அனுப்புவது அவசியம். உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. ஆகிய பெயர் வடிவங்களுக்கு ஒரு இணைப்பட்டியலை வைத்துக்கொள்வது எந்தத் தானியங்கி முறையையும்விட நம்பகமானது என்பது என் கருத்து.

இரட்டிப்புகளை நீக்கும்போது ஐஎஸ்பிஎன் (ISBN) என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணை மட்டும் நம்ப முடியாது; 1970க்கு முந்தைய தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளில் அது இருக்காது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றும் பொருந்தினால் மட்டும் ஒரே வரியில் சேருங்கள். 1892இல் வெளிவந்த உ.வே.சா.வின் சிலப்பதிகார முதற்பதிப்பும் அதன் பிந்தைய பதிப்பும் ஒன்றாகிவிட்டால், பாடவேறுபாடு பார்க்க வந்தவருக்கு அந்தப் பட்டியல் பயன்படாது.

விடைகளைக் காட்டும்போது ஒவ்வொரு வரியிலும் மூல நூலகத்தின் பெயரையும் அதன் பதிவுக்கான இணைப்பையும் தாருங்கள். காலவரம்புக்குள் பதிலளிக்காத தளத்துக்கு நேராக 'நூல் இல்லை' என்று காட்டாமல், 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று எழுதி, அந்தத் தளத்தில் மட்டும் மீண்டும் தேடுவதற்கு ஒரு பொத்தானை வையுங்கள்.