பாத்ரூம் கைப்பிடிக் கம்பி: டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பெரியவர்களுக்காக பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி மாட்டப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். கம்பி உடைந்து யாரும் விழுவது அபூர்வம், ஸ்குரூவோடு சேர்ந்து சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதுவும் கால் வழுக்கி முழு எடையும் அதில் தொங்கும் நேரத்தில்.

டைல்ஸ் ஒரு 8 மி.மீ., அதன் பின்னால் ஒட்டுக் கலவை, அப்புறம் பூச்சு என்று செங்கல்லைத் தொடுவதற்குள் 30, 35 மி.மீ. போய்விடும். கம்பியோடு டப்பாவில் வருகிற ஸ்குரூ ஒன்றரை அங்குலம்தான் இருந்தால் அது பூச்சிலேயே நின்றுவிடும். அதை ஓரமாக வைத்துவிட்டு 3 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ, துளைக்குள் நுழைத்து ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் 8 மி.மீ. நைலான் பிளக் இரண்டையும் தனியாக வாங்குங்கள். கம்பி 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், காந்தம் வைத்துப் பார்ப்பதெல்லாம் உதவாது, மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். உறிஞ்சு கப் வைத்து ஒட்டும் கம்பி வேண்டவே வேண்டாம். டவல் ராடும் பிடித்து எழுவதற்கானது அல்ல.

தட்டும்போது 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த டைல்ஸுக்குப் பின்னால் கலவை நிரம்பவில்லை, வேறு இடம் பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் கவலையில்லை. நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால், மறுபக்கம் ஓர் அறைதான் இருக்கிறது என்றால், சுவரைத் துளைத்துப் போல்ட் விட்டு அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட் போடுவதுதான் நான் நம்பும் வழி, பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. உள்ளே வெற்றாக இருக்கும் ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர்களில் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்குப் பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும், அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள். விரியும் இரும்பு ஆங்கர் கான்கிரீட் தூணுக்குத்தான், செங்கல்லில் முடுக்கினால் கல்லே பிளந்துவிடும்.

இடம் குறிப்பதை அளவுநாடாவிடம் மட்டும் விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் சொல்கிறது, சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி, 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்க வேண்டும். ஆனால் நம் பாட்டி ஐந்தடிகூட இல்லையே! அவரையே கமோடில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள், எந்தக் கையில் பலம் இருக்கிறது என்றும் கேளுங்கள். குளிக்கும் இடத்துக்கு நேர்க்குத்தாக ஒன்று மாட்டினால் உள்ளே போக, வர உதவும்.

குழாய், ஷவர், கீசருக்கு நேர் மேலும் கீழும் துளை போடவே கூடாது, உள்ளே பைப் போகும். கீசர் சுவிட்சுக்குப் போகும் ஒயரும் அப்படித்தான். டைல்ஸ் ஒட்டுமுன் எடுத்த போட்டோ இருந்தால் இப்போது தேடி எடுங்கள்.

சரி, துளைக்கலாம். தரையைத் துடைத்து உலர்த்துங்கள், டிரில் ஒயரை ஈரத்தில் போடாதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரசமட்டம் வைத்துக் குறித்து, குறியின்மேல் டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டைல்ஸ் ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். டைல்ஸைத் தாண்டும்வரை டிரில்லின் ஹாம்மர் மோடை (அடித்துத் துளைப்பதை) அணைத்து, டைல்ஸ் பிட்டால் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு கான்கிரீட் பிட் மாற்றி ஹாம்மர் மோடைப் போடுங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள். வெறும் மணலாகக் கொட்டினால் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சந்தில் விழுந்திருக்கிறது, துளையை மாற்றுங்கள். தூளை ஊதி எடுத்துவிட்டு, பிளக்கை டைல்ஸைத் தாண்டி, பூச்சையும் கடந்து செங்கல்வரை தள்ளுங்கள், வாயிலேயே நின்றால் ஸ்குரூ முடுக்கும்போது விரிந்து டைல்ஸை விரிசல் விடவைக்கும். ஸ்குரூ போடுமுன் துளையில் கொஞ்சம் சிலிகான் விடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்காது. கடைசிச் சுற்றுகளைக் கையால் முடுக்குங்கள்.

சிலிகான் காய ஒரு நாள் விட்டு, முதலில் நீங்களே முழு எடையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். துளியளவு அசைந்தாலும் கழற்றிவிட்டு வேறு இடத்தில் போடுங்கள், அதே துளையில் எம்சீல் அடைத்துச் சமாளிக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்குரூவை மறைக்கும் மூடியைத் தள்ளி ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.