பூல்: ஸ்டிக்கை நேராக ஓட்டப் பழகுவது எப்படி?

பூல், அதாவது ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளை டேபிளின் பாக்கெட்டுகளில் விழ வைக்கும் ஆட்டத்தை, ஆடத் தொடங்கியவர்கள், பந்து பாக்கெட்டில் விழவில்லை என்றால் உடனே குறியைத்தான் சந்தேகப்படுவார்கள். குனிவார்கள், நிமிர்வார்கள், ஒரு கண்ணை மூடிக் கோணம் பார்ப்பார்கள். பல நேரம் குறி சரியாகவே இருந்திருக்கும். ஸ்டிக்தான் அந்தக் கோட்டில் போயிருக்காது. அதனால் இந்தப் பதிவில் கோணக் கணக்கு, பந்தைச் சுழல விடும் ஸ்பின், டேபிள் விளிம்பில் மோதவிட்டு அடிக்கும் பேங்க் ஷாட் எதுவும் கிடையாது. ஸ்டிக்கை நேராக இழுத்து நேராக விடுவது எப்படி, அவ்வளவுதான். வலக்கைக்காரர்களுக்காக எழுதியிருக்கிறேன்; இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஸ்டிக், சாக்

பார்லரில் கைக்குக் கிடைத்த ஸ்டிக்கை எடுக்காதீர்கள். டேபிள் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். நுனி ஏறி இறங்கினால் அது வளைந்த ஸ்டிக், திருப்பி வைத்துவிடுங்கள். பூல் ஸ்டிக்குகள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் எடையில் வரும். 19-இல் தொடங்கலாம். நுனியில் இருக்கும் தோல் டிப் வழுவழுவென்று தேய்ந்திருக்கக் கூடாது.

டிப் வழுக்காமல் இருக்கத் தடவும் நீலச் சாக் கட்டியை டிப்பின் மேல் வைத்துத் திருகுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அது கட்டியில் பள்ளம்தான் பறிக்கும். டிப்பின் ஓரங்களிலும் படும்படி லேசாகத் தடவுங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு.

படி 2: நிற்பது

குறியை நின்றுகொண்டே பாருங்கள். வெள்ளைப் பந்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, ஷாட்டின் கோட்டுக்கு நேராக நில்லுங்கள். வலது கால் அந்தக் கோட்டின் மேல், இடது கால் ஓரடி முன்னும் பக்கவாட்டிலும். அப்புறம் நேராகக் கீழே குனியுங்கள். முகம் ஸ்டிக்குக்கு மேலே வர வேண்டும். தாடை ஸ்டிக்கைத் தொடும் அளவுக்குக் குனிவது ஸ்னூக்கர் பாணி. பூலுக்கு அது கட்டாயமில்லை.

குனிந்த பிறகு குறி தப்பியதுபோல் தோன்றினால், இருந்த இடத்திலேயே தோளை நெளித்துச் சரிசெய்யக் கூடாது. எழுந்துவிடுங்கள். மறுபடி முதலிலிருந்து வாருங்கள். ஆரம்பத்தில் சலிப்பாகத்தான் இருக்கும்.

படி 3: முன்னால் ஊன்றும் கை (இடது)

இடது உள்ளங்கையை டேபிளில் ஊன்றி விரல்களை விரியுங்கள். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் அடியோடு ஒட்டித் தூக்கினால் ஒரு பள்ளம் கிடைக்கும். ஸ்டிக் அதில் ஓடும். இதுதான் திறந்த பிரிட்ஜ். ஆள்காட்டி விரலை வளையமாக்கி ஸ்டிக்கைச் சுற்றிப் பிடிக்கும் மூடிய பிரிட்ஜ் பார்க்க அழகாக இருக்கும். பலமாக அடிக்கும்போது உதவும். இப்போதைக்கு வேண்டாம். பிரிட்ஜுக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சின்னத் தடுமாற்றமும் பெரிதாகத் தெரியும்.

நம் ஊர் வெக்கையில் கை வியர்த்து ஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டாலே போதும், இல்லையென்றால் மூன்று விரல் கையுறை. பவுடர் போட்டால் டேபிள் துணி வெளுத்துவிடும், பார்லர்காரர் முகமும் மாறிவிடும்.

படி 4: பின்னால் பிடிக்கும் கை (வலது)

நேராக அடிப்பதும் கோணலாக அடிப்பதும் பெரும்பாலும் இந்தக் கையில்தான் முடிவாகிறது. ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பும். மணிக்கட்டு திரும்பினால் டிப் பக்கவாட்டில் ஓடும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் தாங்கினால் போதும், மற்றவை சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

முழங்கை அசையாமல் நிற்க, அதற்குக் கீழே உள்ள கை மட்டும் கடிகார ஊசல்போல் ஆட வேண்டும். டிப் பந்தைத் தொடும் தருணத்தில் அந்தக் கை தரைக்குச் செங்குத்தாக இருப்பதுதான் சரியான இடம். மிகவும் பின்னால் பிடித்தால், பந்தைத் தொடும்போது கை இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், டிப் மேலெழும். மிகவும் முன்னால் பிடித்தால் கை மேலேறத் தொடங்கியிருக்கும். டிப் கீழே குத்தும். உங்களால் இதைப் பார்க்க முடியாது. நண்பரிடம் போனைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எதிர் குஷனிலிருந்து (டேபிளின் ரப்பர் விளிம்பு) இன்னொன்று எடுத்தால் முழங்கை வெளியே பிதுங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

படி 5: இழுத்து விடுவது

மூன்று நான்கு முறை ஒத்திகை பாருங்கள். பிறகு டிப்பை வெள்ளைப் பந்துக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, நடுவில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் கண்ணை இலக்குப் பந்துக்குக் கொண்டுபோய் அங்கேயே வையுங்கள். மெதுவாகப் பின்னிழுங்கள். கடைசியில் ஒரு கணம் நிறுத்துங்கள். பிறகு வேகத்தைச் சீராகக் கூட்டி விடுங்கள்.

அந்த ஒரு கண நிறுத்தத்தைத்தான் யாரும் செய்வதில்லை. பின்னால் போகும் கை அப்படியே முன்னால் பாயும்போது தோளும் சேர்ந்துகொள்கிறது, கோடு கெடுகிறது. ஸ்னூக்கரில் உலக சாம்பியனாகி 1995-இல் பூலுக்கு வந்த இங்கிலாந்தின் அலிசன் ஃபிஷர் ஆடும் வீடியோக்களைப் பாருங்கள், பின்னால் ஸ்டிக் நிற்பது தெளிவாகத் தெரியும். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸைப் பார்த்துப் பழகுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். 1999-இல் உலக நைன்-பால் (ஒன்பது பந்துகளில் ஆடும் பூல்) பட்டம் வென்றவர். நீளமான பிரிட்ஜ், வளைந்து நெளிந்து போகும் ஸ்ட்ரோக். அவருக்கு அது கைவந்த கலை, நமக்கு டிப் வழுக்கும் மிஸ்கியூதான் வரும்.

பந்து போன பிறகும் ஸ்டிக் அதே கோட்டில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னே போய் நிற்கட்டும். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குப் பிறகு ஸ்டிக் எங்கே போனாலும் பந்துக்குத் தெரியாது. பிறகு எதற்கு? பாதியில் பிடித்து நிறுத்தப் பார்க்கும் கை, பந்தைத் தொடுவதற்கு முன்பே இறுகிவிடும், அதனால்தான். பந்து நிற்கும்வரை தலையைத் தூக்காதீர்கள்.

படி 6: கோடு போட்ட பந்தை வைத்துச் சோதனை

வெள்ளைப் பந்தை ஓரமாக வைத்துவிட்டு, 9 முதல் 15 வரை எண்ணுள்ள கோடு போட்ட பந்துகளில் ஒன்றை எடுங்கள். கோடு செங்குத்தாக, எதிர் குஷனை நோக்கி நேராக இருக்கும்படி டேபிளின் ஒரு முனையில், நீள வாக்கில் நடுக்கோட்டில் வையுங்கள். சாக் தடவிக்கொண்டு, எதிர் குஷனில் பட்டு உங்களிடமே திரும்பி வரும் அளவுக்கு மிதமாக அடியுங்கள்.

நடுவில் பட்டால் கோடு ஆடாமல் உருளும், பந்து திரும்பி வந்து டிப்பின் மேலேயே படும். ஓரத்தில் பட்டால் கோடு தள்ளாடும். போகும்போது நேராகப் போய், குஷனில் பட்டு வலப்பக்கம் விலகினால் நீங்கள் பந்தின் வலப்பக்கம் அடித்திருக்கிறீர்கள். இடப்பக்கம் விலகினால் இடது. போகும்போதே கோணலாகப் போனால் நின்ற விதத்தில்தான் கோளாறு, படி 2-க்குத் திரும்புங்கள். பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாக்கின் நீலப் புள்ளி அதன் மேல் ஒட்டியிருக்கும். கோட்டின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு அடியுங்கள்.

டேபிளுக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால் இதைச் செய்யப் பலருக்கு மனசு வராது. கொஞ்சத்தை வீட்டிலேயே செய்யலாம். காலித் தண்ணீர் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்து, நேரான ஏதாவது ஒரு குச்சியின் நுனியை அதன் வாயில் படாமல் விட்டு எடுங்கள்.

படி 7: ஸ்டாப் ஷாட்

வெள்ளைப் பந்து, ஓரடி தள்ளி இலக்குப் பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே நேர்கோட்டில். வெள்ளைப் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடியுங்கள். இலக்குப் பந்து உள்ளே போக, வெள்ளை மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். நின்றபடி பம்பரமாகச் சுற்றினால் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. இடமோ வலமோ நகர்ந்தால் முழுசாக மோதவில்லை. முன்னே உருண்டால் அடி உயரமாகிவிட்டது, அல்லது வேகம் போதவில்லை.

ஓரடியில் தொடர்ந்து நிற்கத் தொடங்கிய பிறகு இரண்டடி, மூன்றடி என்று தள்ளிப் போங்கள். தூரம் கூடக்கூட, துணியின் உராய்வில் வெள்ளை முன்னே உருளத் தொடங்கிவிடும். அதற்கு ஈடாக இன்னும் கொஞ்சம் கீழே அடிக்க வேண்டும். ஆனால் பந்தின் மையத்துக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தைத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் டிப் வழுக்கும். மூன்றடியில் வெள்ளை சுற்றாமல் நிற்கிறதென்றால், மோதிய பிறகு வெள்ளையைப் பின்னால் வர வைக்கும் டிரா ஷாட்டை எடுத்துப் பார்க்கலாம்.