வரைபலகையும் வீடியோவும்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத்தின் படத்தை எல்லாப் பெயர்களோடும் முழுசாகத் திரையில் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குவதுதான் முதல் தவறு. நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். படம் வந்ததும் பிள்ளைகள் நோட்டை எடுத்து அப்படியே வரைய உட்கார்ந்துவிடுவார்கள். நான் சொல்வது யார் காதிலும் விழாது.

இப்போது எக்ஸ்காலிட்ரா என்ற இணைய வரைபலகையில், இதயத்தின் நாலு அறைக்கு நாலு கட்டம் மட்டும் போட்டுத் தொடங்குகிறேன். வலது ஆரிக்கிள் என்ற மேல் அறைக்குள் ஒரு நீல அம்பு. "அடுத்து எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். கீழ் அறையான வென்ட்ரிக்கிள், நுரையீரல், பிறகு சிவப்பு அம்பாக இடது ஆரிக்கிள் என்று அவர்கள் வாயிலிருந்தே படம் வளரும். இதிலும் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். படத்தில் வலது ஆரிக்கிள் நமக்கு இடப்பக்கம் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீலம் வெறும் அடையாளம்தான், உடம்புக்குள் ரத்தம் எங்கேயும் நீலமாக இல்லை என்பதையும் சொல்லாவிட்டால், பரீட்சைத் தாளில் 'நீல ரத்தம்' வந்து நிற்கும்.

வீடியோவுக்கு வருவோம். 40 நிமிட வகுப்பை அப்படியே பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது உழைப்பாகத் தெரியும், பார்க்கத்தான் ஆள் இருக்காது. எடெக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வீடியோ பாடங்களை 69 லட்சம் முறை பார்த்த பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தரமாக ஒருவர் பார்த்த நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஸ்லைடை மட்டும் காட்டுவதைவிட, பேசிக்கொண்டே கையால் வரைந்து காட்டும் வீடியோக்களைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி போதும். திரையில் இருக்கும் வரிகளை வார்த்தை மாறாமல் வாசிப்பதையும் விட்டுவிடுங்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது வேறு வேகத்தில் கேட்கும், இரண்டும் மோதிக்கொள்ளும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை, படமும் ஸ்லைடும் வடிவமைக்கும் கேன்வா தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அப்புறம், சேமிப்பு. கூகுளின் இணைய வரைபலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. பலகைகளை முன்கூட்டியே இறக்கி வைத்தவர்கள் தப்பித்தார்கள். எக்ஸ்காலிட்ராவில் கணக்கு இல்லாமல் வரைந்தால் படம் அந்த பிரவுசரில்தான் இருக்கும். பள்ளிக் கம்ப்யூட்டரை யாரோ சுத்தம் செய்ததில் நான் வரைந்த செரிமான மண்டலப் படம் ஒரே நாளில் போனது. வரைந்து முடித்ததும் கோப்பாகவும் படமாகவும் இறக்கி வையுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் முகமும் பெயரும். யூடியூபில் 'பட்டியலிடப்படாத' வீடியோ என்றால் ரகசியம் என்று அர்த்தமில்லை. சுட்டி கிடைத்த எவரும் பார்க்கலாம், வாட்ஸாப் குழுவில் போட்ட சுட்டி எங்கெல்லாம் போகும் என்று நமக்கே தெரியும். நான் இப்போது கேமராவைப் பலகைப் பக்கம் மட்டும் திருப்பி வைக்கிறேன். பிள்ளைகளின் குரல் பதிவானால், பேர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தை வெட்டிவிடுகிறேன்.