யாரும் எடுக்காத புத்தகத்தை வாசகர் கண்ணில் படவைக்க

கிளை நூலகங்களில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் உள்ளடக்கம் காரணமல்ல. குனிந்து பார்க்க ஆளில்லை, முதுகில் எழுத்தும் மங்கியிருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக முத்திரை விழாதவற்றில் பத்தை மட்டும் எடுங்கள். முப்பது வைத்தால் அதுவும் இன்னொரு அலமாரிதான். நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில், அட்டை தெரியும்படி நிறுத்துங்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு செருக வேண்டும். ‘அருமையான நூல்’ என்று எழுதினால் யாரும் தொடமாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்: ‘மாம்பூவில் தத்துப்பூச்சியா? பக்கம் 46’. கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூக்கும் தை, மாசியில் இது போதும். தருமபுரி என்றால் நடுகல், தகடூர், அதியமான் பற்றிய வரலாற்று நூல்கள். பென்னாகரமோ அரூரோ, ஊர்ப்பெயர் வரும் பக்கத்தைக் குறித்துவிட்டால் அந்த ஊர்க்காரர் புரட்டாமல் போகமாட்டார்.

இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள். அங்கேயே உட்கார்ந்து படிப்பது வழங்கல் பதிவேட்டில் ஏறாது. ‘படித்தபின் மேசையிலேயே விடுங்கள்’ என்று அட்டை வைத்து, மாலையில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த அலமாரியின் எண்ணைச் சீட்டின் பின்புறம் பென்சிலில் எழுதத் தவறாதீர்கள்; தட்டு மாறிப்போன புத்தகம் தொலைந்த கணக்குதான்.